சாத்துக்குடிக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர்: ‘சீனத்து ஆப்பிள்’

நெதர்லாந்து நாட்டில் ஒரு பழக்கடைக்குப் போய், நம் ஊர் சாத்துக்குடியையோ தோல் ஒட்டிய ஆரஞ்சையோ காட்டி இதற்கு என்ன பெயர் என்று கேட்டால், ‘சினாஸ்அப்பல்’ என்று பதில் வரும். மரத்தைக் கேட்டால் ‘சினாஸ்அப்பல்போம்’. டச்சு மொழியில் ‘போம்’ என்றால் மரம். ‘அப்பல்’ என்றால் ஆப்பிள். ‘சினா’ என்பது சீனா. நடுவில் நிற்கும் ‘ஸ்’, நாம் ‘முருகனின் வயல்’ என்கிறபோது வரும் ‘இன்’ மாதிரி உரிமையைக் காட்டுகிறது. மூன்றையும் சேர்த்தால் ‘சீனாவின் ஆப்பிள் மரம்’.

இந்தப் பெயரில் ஒவ்வொரு துண்டும் யோசிக்க வைக்கிறது. அந்த மரத்துக்கும் ஆப்பிளுக்கும் உறவே இல்லை. ஆம்ஸ்டர்டாம் சந்தைக்கு வந்த பழம் பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்ததும் இல்லை. பெயர் வைத்த ஒல்லாந்தர்களின் மண்ணிலோ, குளிர்காலத்தில் தண்ணீர் உறைகிற அந்த நாட்டில், மரம் வெட்டவெளியில் பிழைக்காது. பிறகு எப்படி இந்தப் பெயர் வந்தது? அதைத் தேடிப் போனால் ஐநூறு வருடத்துப் பழ வியாபாரம் கண்முன் வருகிறது. வழியில் நம் நாரத்தையும் பம்பளிமாஸும்கூடத் தட்டுப்படுகின்றன.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. நாம் ‘ஆரஞ்சு’ என்று பொதுவாகச் சொல்வதில் வேறு வேறு மரங்கள் அடங்கியிருக்கின்றன. தோல் தளர்ந்து, கையால் உரித்தால் சுளை சுளையாகப் பிரிவது கமலா ஆரஞ்சு. தோல் ஒட்டியிருப்பது, சாறு பிழியத் தோதானது சாத்துக்குடி. தாவரவியலில் சாத்துக்குடிக்கு ‘சிட்ரஸ் சைனென்சிஸ்’ என்று பெயர். ‘சைனென்சிஸ்’ என்றால் சீனத்தைச் சேர்ந்தது. 1765-ல் இந்தப் பெயரை நிலைநிறுத்தியவர் பேர் ஓஸ்பெக் என்ற ஸ்வீடன் நாட்டுக்காரர், லின்னேயசின் மாணவர், கப்பலில் பாதிரியாராகச் சீனாவுக்குப் போய் வந்தவர். ஆனால் அவர் லத்தீனில் சொல்வதற்கு ஏறத்தாழ நூறு வருடம் முன்பே, 17-ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்து வியாபாரிகளும் வீட்டுப் பெண்களும் அதே கருத்தைத் தங்கள் பேச்சு மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆப்பிள் என்றால் எல்லாப் பழமும்

‘அப்பல்’ என்ற சொல் இன்று ஆப்பிளை மட்டும் குறிக்கிறது. முன்பு அப்படியில்லை. உருண்டையாகத் தெரிந்த எதையும் அந்த மக்கள் ‘அப்பல்’ என்றார்கள். மாதுளை அவர்களுக்கு ‘கிரனாட்அப்பல்’. ஓக் மரத்து இலையில் பூச்சி முட்டையிட்டு உண்டாகும் உருண்டைக் கட்டிக்குக்கூட ‘அப்பல்’ சேர்த்த பெயர்தான். தென் அமெரிக்காவிலிருந்து உருளைக்கிழங்கு வந்தபோது அதை ‘ஆர்ட்அப்பல்’ ஆக்கிவிட்டார்கள். ‘ஆர்ட்’ என்றால் பூமி, ஆக நிலத்து ஆப்பிள். கண்ணின் கருவிழிக்கு ‘கண் ஆப்பிள்’ என்று பெயர். செல்லப் பிள்ளையையும் அப்படித்தான் சொல்வார்கள். நாம் ‘என் கண்மணி’ என்கிறோமே, அதே எண்ணம்தான்.

புதிதாக ஒரு விளைபொருள் வந்தால், தெரிந்த பெயரை எடுத்து முன்னால் ஒரு அடைமொழி ஒட்டுவது எந்த நாட்டு மக்களுக்கும் சுலபமான வழி. அமெரிக்காவிலிருந்து காரமான காய் ஒன்று வந்தபோது நம் முன்னோர் ‘மிளகு’ கூட ‘காய்’ சேர்த்து மிளகாய் என்றார்கள். பறங்கியர் காலத்தில் பரவிய பூசணி இனம் பறங்கிக்காய் ஆனது. கடலூர், விழுப்புரம் பக்கம் நிலக்கடலை இன்றைக்கும் மணிலாக்கொட்டைதான்; அது மணிலாவில் பிறந்த பயிர் அல்ல, தென் அமெரிக்காவின் பயிர். பெயரில் இருக்கும் ஊர் பயிர் பிறந்த ஊராக இருக்க வேண்டும் என்பதில்லை. பல சமயம் அது கப்பல் கடைசியாகக் கிளம்பிய ஊர்; சில சமயம் வியாபாரி சொன்ன ஊர்.

புளிப்பு முதலில் வந்தது

ஐரோப்பாவுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது இனிப்பு ஆரஞ்சு அல்ல. கிச்சிலிக்கு நெருங்கிய உறவான, கசப்பும் புளிப்புமான ஆரஞ்சுதான் முதலில் போனது. அரேபியர்கள் அதைச் சிசிலித் தீவுக்கும் ஸ்பெயினுக்கும் கொண்டுபோய் நட்டார்கள். கூடவே பெயரும் போனது. அந்தப் பெயரின் வேர் நம் பக்கத்தில் இருக்கிறது. தமிழில் நாரத்தை, மலையாளத்தில் நாரங்ங, தெலுங்கில் நாரிஞ்ச, சமஸ்கிருதத்தில் நாரங்க. திராவிட மொழி ஒன்றிலிருந்துதான் சமஸ்கிருதம் இதை எடுத்தது என்பது மொழியறிஞர்கள் பலரும் ஏற்கும் கருத்து. பாரசீகத்தில் அது ‘நாரங்’ ஆனது. அரபியில் ‘நாரஞ்’, ஸ்பானிய மொழியில் ‘நரான்ஹா’. பிரெஞ்சுக்காரர் வாயில் முதல் ‘ந’ உதிர்ந்து ‘ஒரான்ஜ்’ என்று நின்றது. அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய், ஆங்கிலேயர் வழியாக ‘ஆரஞ்சு’ என்று நம்மிடமே திரும்பி வந்தது. நாரத்தை உலகம் சுற்றிவிட்டு வேறு சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தது போலத்தான்.

ஒல்லாந்தர்களும் முதலில் அந்தச் சொல்லையே வாங்கினார்கள்: ‘ஒரான்யஅப்பல்’, அதாவது ஆரஞ்சு ஆப்பிள். கசப்பு ஆரஞ்சைத் தின்பவர் இல்லை. தோல் மருந்துக்கும் மணத்துக்கும் ஆகும்; சாறு மீன், இறைச்சி சமையலுக்கு ஆகும்; சர்க்கரை சேர்த்துப் பாகு காய்ச்சுவார்கள். அவ்வளவுதான்.

16-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் போர்ச்சுகல் கப்பல்கள் கிழக்குக் கடலிலிருந்து திரும்பும்போது நல்ல இனிப்பு ரகங்கள் வந்தன. இனிப்பு ஆரஞ்சு அதற்குச் சற்று முன்பே இத்தாலிப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தாலும், போர்ச்சுகல் தோட்டங்களில் பெருகிய சீன ரகம்தான் சந்தையைப் பிடித்தது. அங்கேதான் புதுப் பெயரின் தேவை வந்தது. கடையில் இரண்டும் ஒரே நிறம், ஒரே உருண்டை. ஒன்றைத் தின்றால் நாக்கு இனிக்கும். இன்னொன்றைக் கடித்தால் முகம் சுளிக்கும். விலையும் ஒன்றல்ல. ‘ஆரஞ்சு ஆப்பிள்’ என்று கேட்டு வாங்கிப் போய் ஏமாந்தவர் அடுத்த முறை ‘சீனத்து ஆப்பிள் கொடு’ என்று கேட்டிருப்பார். ரகத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டிய சந்தைத் தேவையிலிருந்து பிறந்த சொல் இது. புலவர் உட்கார்ந்து ஆக்கிய சொல் அல்ல.

இந்தக் கூட்டுச்சொல்லைத் திருப்பிப் போட்டும் சொன்னார்கள். முதலில் ஆப்பிள், பிறகு சீனா: ‘அப்பல்சீன்’. பெல்ஜியம் நாட்டில் டச்சு பேசும் மக்கள் இன்றும் இப்படித்தான் சொல்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் ‘சினாஸ்அப்பல்’, அந்தப் பக்கம் ‘அப்பல்சீன்’; மொழி ஒன்று, பழம் ஒன்று, பெயர் மட்டும் தலைகீழ். இந்தத் தலைகீழ்ப் பெயர்தான் வடக்கே நெடுந்தூரம் பயணம் போனது. ஜெர்மனியில் ‘அப்ஃபெல்சீனெ’, டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் ‘அப்பெல்சின்’, ரஷ்யாவிலும் அதேதான். ஆம்ஸ்டர்டாம், ஹாம்பர்க் துறைமுகங்களிலிருந்து பழப்பெட்டி எந்தெந்த ஊருக்குப் போனதோ, பெட்டியோடு பெயரும் போய் இறங்கியிருக்கிறது.

தெற்கே கதை வேறு. கிரேக்கர்கள் ‘போர்த்தோகாலி’ என்கிறார்கள். துருக்கியர் ‘போர்த்தகால்’, அரேபியர் ‘புர்த்துகால்’, ருமேனியர் ‘போர்த்தோகாலா’. எல்லாமே போர்ச்சுகல்தான். அவர்களுக்கு யார் பழத்தைக் கொண்டுவந்தார்களோ அவர்கள் பெயரே பழத்துக்கு ஆனது. கசப்பு ஆரஞ்சுக்கு அரபியில் பழைய ‘நாரஞ்’ அப்படியே இருக்கிறது. இனிப்புக்கு ஒரு பெயர், கசப்புக்கு ஒரு பெயர் என்று அவர்களும் பிரித்துவிட்டார்கள்.

இன்னும் வேடிக்கை தென்னாப்பிரிக்காவில். 1652-ல் ஒல்லாந்தர்கள் நன்னம்பிக்கை முனையில் குடியேறி, கிழக்கே போகும் கப்பல்களுக்குக் காய்கறி, பழம் கொடுக்கத் தோட்டம் போட்டார்கள். 1654-ல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து ஆரஞ்சுக் கன்றுகள் வந்தன. அங்கே டச்சு மொழியிலிருந்து கிளைத்த ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ஆரஞ்சுக்கு ‘லெமூன்’ என்று பெயர் நின்றுவிட்டது. அப்படியானால் எலுமிச்சைக்கு? ‘புளிப்பு லெமூன்’.

அரச குடும்பமும் ஆரஞ்சு நிறமும்

நெதர்லாந்து என்றதும் ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட கால்பந்து வீரர்கள் நினைவுக்கு வருவார்கள். அந்த நாட்டு அரச குடும்பத்துக்கு ‘ஒரான்ய’ வம்சம் என்று பெயர். இதற்கும் பழத்துக்கும் பிறப்பில் சம்பந்தமில்லை. பிரான்சின் தெற்கே ‘ஒரான்ஜ்’ என்று ஒரு சிற்றூர் உண்டு. ரோமானியர் காலத்தில் அதன் பெயர் அரவுசியோ. அந்த ஊரின் ஆட்சியுரிமை 1544-ல் வில்லியம் என்ற இளவரசருக்கு வந்தது. ஊர்ப் பெயரும் பழப் பெயரும் காலப்போக்கில் ஒரே ஒலியாகிவிட, நிறமும் வந்து ஒட்டிக்கொண்டது. ஆரஞ்சு நிறக் கேரட்டை அரச குடும்பத்தைக் கௌரவிக்கவே ஒல்லாந்து விவசாயிகள் உருவாக்கினார்கள் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அந்த ரகங்களை அவர்கள் மேம்படுத்தியது உண்மை. ராஜாவுக்காகச் செய்தார்கள் என்பதற்குச் சான்று கிடையாது. நல்ல விலை போனதால் பயிரிட்டிருப்பார்கள் என்று நினைப்பதே பொருத்தம்.

தங்கள் மண்ணில் வராத மரத்தை வளர்த்தே தீருவது என்று பணக்கார ஒல்லாந்தர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். மரத் தொட்டிகளில் கன்று நட்டு, கோடையில் முற்றத்தில் வைத்து, குளிர் வந்ததும் பெரிய சன்னல் வைத்த கட்டடத்துக்குள் தள்ளிக்கொண்டு போய், கணப்பு மூட்டிக் காப்பாற்றினார்கள். அந்தக் கட்டடத்துக்கு ‘ஒரான்யரி’ என்று பெயர். இன்றைய பசுமைக்குடில்களுக்கு அதை முன்னோடி என்று சொல்லலாம். 1676-ல் ஆம்ஸ்டர்டாமில் யான் கொமெலின் என்ற மருந்து வியாபாரி, குளிர் நாட்டில் எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளை வளர்ப்பது எப்படி என்று தனிப் புத்தகமே எழுதினார். இந்தக் கொமெலினுக்கு நம் பக்கத்தோடும் தொடர்பு உண்டு. கொச்சியில் ஒல்லாந்தர் ஆளுநராக இருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் முதலிய மலையாள வைத்தியர்களின் துணையோடு தொகுத்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’ என்னும் 12 பாக மூலிகை நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. அதன் பல பாகங்களுக்குக் குறிப்புரை எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

பம்பளிமாஸ் யாருடைய சொல்?

சோழமண்டலக் கடற்கரையில் பழவேற்காட்டில் 1613-ல் கோட்டை கட்டிய ஒல்லாந்தர்கள், 1658-ல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்து 1781 வரை வைத்திருந்தார்கள். அந்தப் பழக்கத்தில் இரு மொழிகளுக்கும் பொதுவாக ஒரு மரத்தின் பெயர் இருக்கிறது. தேங்காய் அளவுக்குப் பருத்து, தடித்த தோலும் வெளுத்த அல்லது சிவந்த சுளையும் கொண்ட பம்பளிமாஸ்தான் அது. டச்சு மொழியில் ‘பொம்பல்மூஸ்’. பிரெஞ்சில் ‘பாம்பல்மூஸ்’. மொரீஷியஸ் தீவில் புகழ்பெற்ற தாவரத் தோட்டம் இருக்கும் ஊருக்கே இந்தப் பழத்தின் பெயர்தான்.

எது முதலில் வந்தது என்பதில் அகராதி எழுதியவர்களிடையே இரண்டு கட்சி உண்டு. டச்சு மொழியில் ‘பொம்பல்’ என்றால் பருத்தது, ‘லிமூஸ்’ என்பது போர்ச்சுகீசிய எலுமிச்சை, இரண்டும் சேர்ந்து ‘பருத்த எலுமிச்சை’ என்று கூட்டுச்சொல் ஆனது என்பது ஒரு கட்சி. தமிழின் ‘பம்பளிமாசு’தான் மூலம், ஒல்லாந்தர் அதை வாங்கித் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி மாற்றினார்கள் என்பது மற்றொன்று. இன்னும் தீர்ப்பு ஆகவில்லை. தமிழ்ச் சொல் என்று மார்தட்டுவதற்கு முன் பழைய ஏடுகளில் அது எங்கே வருகிறது என்று தேடிப் பார்ப்பது நல்லது.

இந்தப் பம்பளிமாஸை ஓரமாக ஒதுக்கிவிட முடியாது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மரபணுக்களைப் பிரித்துப் படித்த ஆய்வுகள், சாத்துக்குடி இனமே பம்பளிமாஸும் கமலா ஆரஞ்சு இனமும் கலந்து பிறந்த ஒட்டுப் பிள்ளை என்று உறுதிசெய்துவிட்டன. கசப்பு ஆரஞ்சும் அதே இரண்டு இனத்தின் கலப்புதான். ஒரே தாய் தகப்பன் வழியில் பிறந்த அண்ணன் தம்பிகளில் ஒருவன் இனிப்பு, ஒருவன் கசப்பு.

நோய்க்குப் பெயர் வைத்தவர்கள்

அண்ணன் தம்பி உறவு தோப்பில் எப்படி வேலை செய்கிறது என்பதும் இந்தக் கதையில் சேர்ந்ததே. இனிப்பு ஆரஞ்சு சொந்த வேரில் நின்றால், வேர்ப்பகுதியில் பூஞ்சணம் தாக்கிப் பிசின் வடிந்து மரம் சாகும். 19-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளில் அப்படித் தோப்புத் தோப்பாகப் போனது. அதன்பின் உலகெங்கும் கசப்பு ஆரஞ்சை வேர்ச்செடியாக வைத்து, மேலே இனிப்பு மொட்டைக் கட்டினார்கள். பிசின் நோய் அடங்கியது. 1930-களிலும் 40-களிலும் பிரேசில், அர்ஜென்டினா நாடுகளில் வேறொன்று கிளம்பியது. கசப்பு வேரின் மேல் நின்ற இனிப்பு மரங்கள் மட்டும் வாடி வாடிச் செத்தன. பல பத்து லட்சம் மரங்கள். அசுவினி பரப்பும் வைரஸ் அது. அந்த மக்கள் அதற்கு ‘திரிஸ்தேசா’ என்று பெயர் வைத்தார்கள். போர்ச்சுகீசிய மொழியில் ‘சோகம்’ என்று பொருள். அதனால்தான் இன்று நம் நாட்டில் சாத்துக்குடி ஒட்டுக்கு ரங்பூர் எலுமிச்சை, ஜம்பேரி போன்ற வேர்ச்செடிகளைச் சிபாரிசு செய்கிறார்கள்.

அதைவிடக் கொடியது ‘ஹுவாங்லோங்பிங்’. நம் நாட்டில் ‘கிரீனிங்’ நோய் என்பார்கள். சீனாவின் தெற்கே கடலோர விவசாயிகள் தங்கள் வட்டார மொழியில் வைத்த பெயர் அது. மஞ்சள் தளிர் நோய் என்று அர்த்தம். மரம் முழுவதும் பச்சையாக இருக்கையில் ஒரு கிளைத் தளிர் மட்டும் மஞ்சளாகத் தெரிவதைக் கண்டு சொன்ன பெயர். இது ஒட்டுக்கட்டினால் பரவும் தொற்றுநோய் என்று 1956-ல் மெய்ப்பித்தவர் லின் குங்சியாங் என்ற சீன விஞ்ஞானி. பல நாடுகள் பல பெயர்களில் அழைத்துவந்த இந்த நோய்க்கு 1995-ல் உலக விஞ்ஞானிகள் கூடி அந்த விவசாயிகளின் பெயரையே பொதுப் பெயராக ஏற்றார்கள். பழத்துக்கு வியாபாரி வைத்த பெயர் நின்றது. நோய்க்கு விவசாயி வைத்த பெயர் நின்றது.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 2005-ல் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 2003-04-ல் அங்கே 24 கோடிப் பெட்டிக்கு மேல் ஆரஞ்சு விளைந்தது. ஒரு பெட்டி சுமார் 41 கிலோ. 2022-23-ல் கிடைத்தது சுமார் 1.6 கோடிப் பெட்டி. சூறாவளிக்கும் இதில் பங்கு உண்டு என்றாலும், தோப்புகளை விற்றுவிட்டுப் போன குடும்பங்களுக்கு முதல் எதிரி இந்த நோய்தான். நோய் கண்ட மரத்தைக் குணப்படுத்த மருந்து இதுவரை இல்லை.

நம் நாட்டிலும் இது உண்டு. ‘சில்லிட்’ என்னும் சிறிய சாறு உறிஞ்சும் பூச்சி பரப்புகிறது. கறிவேப்பிலைத் தளிர் இந்தப் பூச்சிக்கு மிகவும் பிடிக்கும் என்பதால், சாத்துக்குடித் தோப்பை ஒட்டிக் கறிவேப்பிலை வைத்திருப்பவர்கள் அதன் தளிர்களையும் கவனிக்க வேண்டும். இலை மஞ்சளாவதைத் துத்தநாகச் சத்துக் குறைவு என்று நினைத்து நுண்ணூட்டம் தெளித்தே காலம் கடத்துபவர்கள் நிறைய. இலையை நடு நரம்போடு மடித்துப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். சத்துக் குறைவில் மஞ்சள் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இந்த நோயில் ஒரு பக்கத் திட்டு மறு பக்கத்தோடு பொருந்தாது. காய் கோணலாகச் சிறுத்து, விதை பொய்த்து, பழுத்த பிறகும் அடிப்பகுதி பச்சையாகவே நின்றால் சந்தேகம் வலுக்கிறது. அந்த மரத்திலிருந்து ஒட்டுக்கு மொட்டு எடுக்கக் கூடாது. ஆய்வகத்தில் சோதித்து உறுதியானால் மரத்தை வேரோடு அகற்றிவிட வேண்டும்.

கன்று வாங்கப் போகிறவர்கள் நாற்றங்காலில் ‘ஆரஞ்சுக் கன்று’ என்று மட்டும் கேட்டு வாங்கி வராமல், மேலே கட்டிய மொட்டு கமலாவா சாத்துக்குடியா, கீழே நிற்கும் வேர்ச்செடி எது, மொட்டு எடுத்த தாய்மரம் நோய்ச் சோதனை செய்யப்பட்டதா என்று மூன்றையும் கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். கன்று காய்க்கும்வரை எது எந்த ரகம் என்று இலையைப் பார்த்துச் சொல்வது அனுபவசாலிக்கும் சிரமம். காய்ப்பதற்கோ நான்கைந்து வருடம் ஆகிவிடும்.